கார்ப்பெட் நானே போடுறேன்னு இறங்கிட்டேன், யாராச்சும் காப்பாத்துங்க

வணக்கம் மக்களே, லண்டன் பக்கம் யாராச்சும் சொந்தமா வீட்டுல கார்ப்பெட் போட்டிருக்கீங்களா? ஆள் கூலி கேட்டு தலை சுத்திடுச்சு, நாமளே போட்டுக்கலாம்னு வீராப்பா சொல்லிட்டேன், இப்ப வீட்டம்மா ஹால்ல சோஃபாவுல தூங்குறாங்க.

ரூம் 3.6க்கு 4.2 மீட்டர். ரோல் 4 மீட்டர் அகலம்ங்கறதால நீளத்துல 4.4 வெட்டி வாங்குனேன், ஜாயின்ட் வராது. சுவரோரமா கார்ப்பெட்டை புடிச்சு வெக்கிற ஆணி வெச்ச கிரிப்பர் கட்டை அடிச்சாச்சு, ஸ்கர்ட்டிங்ல (சுவத்தடி பலகை) இருந்து 6 மில்லிமீட்டர் விட்டு, ஆணி முனை சுவத்தை பாத்த மாதிரி. கார்ப்பெட்டுக்கு அடியில விரிக்கிற மெத்து மாதிரி 10 மில்லிமீட்டர் அண்டர்லே, கிரிப்பர் மேல ஏறாம வெட்டி டேப்பும் ஒட்டிட்டேன். இது வரைக்கும் நானே ஃபிட்டர் மாதிரி தான் இருந்தேன்.

அப்புறம் தான் வினை. Knee கிக்கர்னு கார்ப்பெட்டை இடிச்சு இழுக்குற கருவி வாடகைக்கு எடுத்து முட்டிக்கு மேல தொடையால இடிச்சு இடிச்சு இழுக்குறேன், தொடை கன்னிப்போச்சு, ஆனா நடுவுல கட்டில் போடுற இடத்துல ஒரு சுருக்கம் அப்பிடியே அலை மாதிரி நிக்குது, காலால அமுக்குனா அந்தப்பக்கம் எழும்புது. ஒரு பக்க கிரிப்பர்ல இருந்து கழட்டிட்டு மறுபடி இழுக்கணுமா, இல்ல பவர் ஸ்ட்ரெச்சர் (எதிர் சுவத்துல முட்டுக் குடுத்து இழுக்குற பெரிய கருவி) தான் எடுக்கணுமா?

இன்னொன்னு, கதவு இப்ப கார்ப்பெட்டுல உரசி திறக்கவே மாட்டேங்குது. கழட்டி அடியில சீவணும்னு தெரியும், எவ்ளோ இடைவெளி விட்டீங்க? ரேடியேட்டர் பைப்பை சுத்தி வெட்டுன இடம் எலி கடிச்ச மாதிரி இருக்கு, அதை மறைக்க வழி இருந்தா அதையும் சொல்லுங்க.

கிக்கரை ஞாயித்துக்கிழமைக்குள்ள திருப்பி குடுக்கணும் 🙏