புதுப்பிப்பு: வீட்டுக் கணினியும் கடைக் கணினியும் இப்போது நேரடி இணைப்பில்

ரவுட்டரில் போர்ட் திறந்தும் வீட்டிலிருந்து கடைக் கணினிக்குள் போக முடியவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. கடை ரவுட்டரின் வான் (WAN, இணையப் பக்க) முகவரி 100.64 என்று தொடங்குகிறது. அதாவது சிஜிநாட்: இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகிறது. நம் ரவுட்டரில் என்ன திறந்தாலும் மேலே இன்னொரு பூட்டு இருக்கிறது.

கணினிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் மென்பொருளைப் போட்டேன். இரண்டு கணினிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் யுடிபி பொட்டலங்களை (சிறு தரவுத் துண்டுகளை) வெளியே அனுப்பும். பதில் வரட்டும் என்று அந்தந்தப் பக்கத்து நாட் (உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் அமைப்பு) வழிவிட்டு வைக்கும், அதன் வழியாகவே எதிர்முனை உள்ளே வந்துவிடும். யார் எந்த முகவரியில் இருக்கிறார் என்று சொல்வதோடு நடுவிலுள்ள சர்வரின் வேலை சரி. ஆனால் சேருமிடத்துக்கு ஏற்பப் போர்ட்டை மாற்றும் நாட் இருபுறமும் இருந்தால் இந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது. ரிலே (நடுவில் வாங்கி அனுப்பும் சர்வர்) வழியாகத்தான் போகும், வேகமும் குறையும்.

எனக்கும் முதலில் ரிலேதான். ('டெயில்ஸ்கேல் ஸ்டேட்டஸ்' கட்டளை இதைக் காட்டும்.) இரு பக்கமும் ஐபிவி6 (நாட் தேவைப்படாத புதிய முகவரி முறை) இயக்கியதும் நேரடியாகிவிட்டது.

ரவுட்டரில் போர்ட் திறப்பதே (போர்ட் ஃபார்வர்டிங்) போதும் என்றவர்களுக்கு: பொது ஐபி இருந்தால் போதும்தான். ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை மட்டும் அப்படியே இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள்.