‘கிளாஸ் மெனாஜரி’: உண்மையைப் பார்க்க மறுத்தவர் தாயா, மகனா?

அரங்கவாசி எழுதியது:

அமெரிக்க நாடகாசிரியர் டென்னஸி வில்லியம்ஸின் ‘கிளாஸ் மெனாஜரி’யை நேற்று மறுபடியும் படித்தேன். 1944 டிசம்பரில் சிகாகோவில் மேடையேறி, அடுத்த மார்ச்சில் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கு வந்த நாடகம் இது. கதை 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்தின் ஒரு நெருக்கடியான அடுக்ககத்தில் நடக்கிறது. தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சுவரில் மாட்டிய படமாக மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறார். தாய் ஆமண்டா தன் இளமைக்கால நினைவில் வாழ்கிறாள். கால் சற்றே ஊனமான மகள் லாரா கண்ணாடிப் பொம்மைகளோடு வாழ்கிறாள். செருப்புக் கிடங்கில் மாதம் 65 டாலர் சம்பளத்துக்கு உழைக்கும் மகன் டாம், இரவானால் திரையரங்குக்குப் போய்விடுகிறான்.

மூவரும் மாயையில் வாழ்கிறார்கள் என்று பாடநூல்கள் ஒரே தட்டில் வைத்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. லாராவின் பொம்மைகளால் யாருக்கும் நட்டமில்லை, டாமின் திரைப்படங்களால் அவனுக்குத் தூக்கம்தான் கெடுகிறது. ஆமண்டாவின் மாயையோ பிள்ளைகள் மீது ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒரே நாள் பிற்பகலில் பதினேழு இளைஞர்கள் தன்னைத் தேடி வந்ததாகச் சொல்லிச் சொல்லி, ஒருவன்கூட வராத மகளை அவள் அன்றாடம் காயப்படுத்துகிறாள். மகளைப் பார்க்க விருந்தாளி வரும் நாளில், தான் இளம்பெண்ணாக நடனத்துக்கு அணிந்த பழைய மஞ்சள் உடையை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும் தாயை வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

தாழ்வாரம் எழுதியது:

அரங்கவாசி அவர்களுக்கு வணக்கம். மஞ்சள் உடையைப் பார்த்த தாங்கள் அவளுடைய தொலைபேசியைப் பார்க்கவில்லையே என்று வருந்துகிறேன். பத்திரிகைச் சந்தா முடிந்துபோன பெண்களைத் தொலைபேசியில் அழைத்து, அவர்களுடைய உடல்நலம் விசாரித்து, வரவிருக்கும் தொடர்கதையைப் புகழ்ந்து, எதிர்முனையில் இருப்பவள் பேச்சின் நடுவே வைத்துவிட்டுப் போனாலும் அடுத்த எண்ணை முயலும் பெண்ணா மாயையில் வாழ்கிறாள்? மணமாகாமல், வேலையும் இல்லாமல், உறவினர் வீட்டு மூலையில் ஒண்டி வாழும் பெண்களின் கதி என்ன என்பதை அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்பவள் அவள் ஒருத்திதான். அதற்காகவே 50 டாலர் கட்டி மகளைத் தட்டச்சுப் பள்ளியில் சேர்த்தாள். பதினேழு பேர் கதை அவளுக்கு மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம், அவ்வளவுதான்.

என் குற்றச்சாட்டு டாம் மீது. விருந்தன்று வீட்டில் விளக்கு அணைந்ததற்குக் காரணம் தெரியும் அல்லவா? வீட்டைவிட்டுக் கப்பலேறிப் போகும் ஆசையில், மின்கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கப்பல் தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தாவாகக் கட்டிவிட்டான். ஆமண்டா ஒன்றும் அறியாமல் மெழுகுவர்த்தி ஏற்றி, மகனின் மறதியைச் சொல்லிச் சிரித்துச் சமாளிக்கிறாள். அந்த மேசையில் யார் தரையில் நிற்கிறார்கள், யார் கடலில் மிதக்கிறார்கள்?

பென்குவின் எழுதியது:

இருவரும் லாராவை நல்ல பிள்ளையாக ஓரத்தில் உட்கார வைத்துவிட்டீர்கள். (என் புனைபெயரும் அவளிடம் எடுத்ததுதான்.) தட்டச்சுத் தேர்வில் வாந்தியெடுத்து, சில நாட்களிலேயே பள்ளியை விட்ட அவள், ஆறு வாரங்கள் தினமும் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிக் காலையில் கிளம்பி மாலையில் திரும்பினாள். குளிரில் பூங்காவில் நடந்தாள், அருங்காட்சியகம் போனாள், விலங்குக்காட்சியில் தினமும் பென்குவின்களைப் பார்த்தாள், வெப்பநாட்டுப் பூக்கள் வளர்க்கும் கண்ணாடி மாளிகையில் பிற்பகல்களைக் கழித்தாள். அந்த 50 டாலர் அவள் தாய் கட்டியது. ஆகவே, யாருக்கும் நட்டமில்லை என்ற வாதம் நிற்காது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பள்ளிக்காலத்தில் தன் காலிலிருந்த இரும்புப் பட்டை வகுப்பறையில் இடியாக முழங்கியது என்று அவள் நம்புகிறாள். விருந்தாளியாக வரும் ஜிம் அதே வகுப்பில் படித்தவன். அப்படி ஒரு சத்தத்தைத் தான் கேட்டதே இல்லை என்கிறான். அவளைச் சிறைவைத்தது காலா, அவள் மட்டுமே கேட்ட அந்த ஓசையா? இன்பமான மாயைகளைப் பற்றியே இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். துன்பமான மாயையும் உண்டு, அதிலிருந்து வெளியேறுவது இன்னும் கடினம்.

அரங்கவாசி எழுதியது:

பென்குவின் அவர்களே, இரும்புப் பட்டையைப் பற்றித் தாங்கள் எழுதியது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. லாரா விஷயத்தில் என் வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் அவள் அந்த மாயையிலிருந்து ஓரடி வெளியே வந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜிம்மோடு ஆடும்போது மேசை இடிபட்டு, அவளுடைய கண்ணாடிப் பொம்மைகளில் ஒன்றான ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு உடைந்ததும் அவள் அழவில்லை. இனி மற்றக் குதிரைகளோடு அதற்குக் கூச்சம் இருக்காது என்கிறாள். அவனுக்கு ஏற்கெனவே பெண் நிச்சயமாகிவிட்டது என்று தெரிந்த பிறகு, உடைந்த குதிரையை அவன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறாள்.

தாழ்வாரம் அவர்களுக்கு ஒரு கேள்வி. மின்கட்டணத்தைத் தின்றவன் டாம் என்பது உண்மை. ஆனால் இந்த நாடகம் முழுவதும் அவனுடைய நினைவாகச் சொல்லப்படுவது. அந்தத் திருட்டை மறைக்காமல் நமக்குக் காட்டியவனும் அவனே. தன் குற்றத்தைத் தானே மேடையேற்றுகிறவனை உண்மையிலிருந்து ஓடியவன் என்று எப்படிச் சொல்வீர்கள்?

தாழ்வாரம் எழுதியது:

நியாயமான கேள்வி. அவன் எல்லாவற்றையும் சொல்கிறான். ஆனால் தாயைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் நாம் சிரிக்கும்படியாகச் சொல்கிறான். மஞ்சள் உடை, பதினேழு பேர், மென்று சாப்பிடு என்ற நச்சரிப்பு, எல்லாம் அவன் காதில் விழுந்த ஆமண்டா. தாங்கள் முதல் பதிவில் கண்டித்ததும் அந்த ஆமண்டாவைத்தான்.

கடைசிக் காட்சிக்கு ஆசிரியர் எழுதிய மேடைக் குறிப்பைத் தயவுசெய்து மறுபடியும் பாருங்கள். டாம் முன்னால் நின்று பேசுகிறான். பின்னால், ஒலி புகாத கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல, ஆமண்டா மகளைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் பேச்சு கேட்காத அந்த நேரத்தில்தான், அவளுடைய அசட்டுத்தனம் மறைந்து கண்ணியமும் துயரம் கலந்த அழகும் தெரிகின்றன என்று வில்லியம்ஸ் எழுதியிருக்கிறார். மகளிடம் அவள் என்ன சொன்னாள் என்பது டாமுக்குத் தெரியாது, ஏனென்றால் அவன் அப்போது அந்த வீட்டில் இல்லை.