மறு: ‘றைசிங் டாம்ப்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

நிலத்துத் தண்ணீர் சுவரடியிலிருந்து மேலே ஏறுகிற ஈரத்தை ஆங்கிலத்தில் ‘றைசிங் டாம்ப்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி ஒரு கிழமையாக ஓடும் இந்த இழையில் ஏழு சொற்கள் சேர்ந்துவிட்டன: மயிர்த்துளை ஏற்றம், நுண்புழை ஏற்றம், ஓதம், ஏறீரம், நிலவீரம், ஈரமிழுப்பு, ஈர ஏற்றம். கேள்வியைத் தொடக்கி வைத்தவன் நான். பழைய வீடு திருத்துபவர்களுக்கு ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். இரண்டாம் பக்கத்திலேயே இந்தச் சொல் இல்லாமல் நின்றுபோனேன். சொற்களை ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்க்குமுன் எங்கள் வீட்டுச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கையேடு எழுதும் எண்ணமே அந்தச் சுவரால் வந்ததுதான்.

வீடு யாழ்ப்பாணத்து அராலியில், வழுக்கியாறு கடலைச் சேர்கிற பக்கம். கிணற்றுத் தண்ணீர் உவர். அப்பப்பா காலத்து நாற்சார் வீடு. சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், சுவர் ஒன்றரை அடி தடிப்பு. 2012 இல் திருத்தினோம். ஒப்பந்தகாரர் பழைய சுண்ணாம்புப் பூச்சு முழுவதையும் கொத்தி விழுத்திவிட்டுச் சீமெந்து பூசினார். அதற்கு மேல் சுவரை மழமழப்பாக்கும் புட்டிப் பசை, அதற்கும் மேல் பளபளக்கிற பெயின்ற். உள்ளே நிலத்துக்கு மாபிள். முற்றத்தை அரையடி உயர்த்திக் கொங்கிறீற் போட்டார். குடிபூரலுக்கு வந்தவர்கள் எல்லாரும் புது வீடு மாதிரி இருக்கிறது என்றார்கள்.

அந்த மாரியிலேயே இரண்டடி உயரத்தில் பெயின்ற் கொப்புளித்தது. ஒப்பந்தகாரரைக் கூப்பிட்டு, “சுவரெல்லாம் ஈரம்” என்றேன். அவர் கூரையைப் பார்த்தார். நாலு ஓடு மாற்றினார், காசு வாங்கினார். கொப்புளம் போகவில்லை. அடுத்த கோடையில் மூன்றடி உயரம் வரை திரும்பக் கொத்தி, சீமெந்தைக் கூடக் கலந்து, தண்ணீர் விடாத மருந்தும் சேர்த்துப் பூசினார். அதற்கும் காசு. அடுத்த மாரியில் ஈரம் நாலரை அடியில் வந்து நின்றது.

பிறகு கிணற்றுக் கட்டுத் திருத்த வந்த ஒரு வயதான மேசன், தேத்தண்ணீர் குடிக்க விறாந்தைக்கு வந்தவர், கேட்காமலே சுவரடியில் குந்தினார். கொப்புளத்தை நகத்தால் தட்டினார். பெயின்ற் தோல்போல உரிந்தது. உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்பு. தம்பி, இது மேலையிருந்து வாற தண்ணி இல்லை. சுவர் அடியிலையிருந்து குடிக்குது. நீங்கள் வாயை அடைச்சுப் போட்டியள், அது மூக்காலை விடுது.”

இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. கல்லிலும் சாந்திலும் மயிரளவுத் துளைகள் இருக்கின்றன. நிலத்துத் தண்ணீர் அவற்றுக்குள் தானாக ஏறும். ஏறிய தண்ணீர் எங்கேனும் ஓரிடத்தால் காற்றோடு போயாக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு அதை விட்டுவிடும். ஒரு முழ உயரத்துக்குள் ஏறுவதும் காய்வதும் சமன்பட்டுவிடும். சீமெந்தும் புட்டியும் பெயின்றும் அந்த வழியை அடைத்தால் தண்ணீர் திரும்பிப் போவதில்லை, விடுகிற இடம் கிடைக்கும்வரை மேலே ஏறுகிறது. கூடவே கரைந்து வந்த உப்பு காய்கிற இடத்தில் பளிங்காகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளி விழுத்துகிறது. நிலத்துக்கு மாபிள் போட்டது இன்னும் மோசம். முன்பு நிலத்தால் போன ஈரமும் சுவருக்குத்தான் வரும். முற்றத்தை உயர்த்தியதில் சுவரடி மண்ணுக்குள் இறங்கிவிட்டது. நான் காசு கொடுத்துச் செய்வித்த வேலை ஒவ்வொன்றும் சுவருக்குத் தண்ணீர் ஊட்டியிருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நான் “ஈரம்” என்றேன், ஒப்பந்தகாரர் “ஒழுக்கு” என்று எடுத்துக்கொண்டார். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன் (இரண்டாம் தடவை வாங்கிய காசைப் பற்றி மட்டும் எனக்கு ஐயம் உண்டு). எங்கள் இருவருக்கும் இடையில் சொல் இருக்கவில்லை. இந்தக் குழுவில் ரொறன்ரோவிலிருந்து எழுதும் அக்காவுக்கும் இதே கதைதானே: ‘வட்ஸ்அப்’பில் படம் அனுப்பி, ஊரில் வேலை செய்வித்து, மூன்று தரம் பூச்சு மாற்றினார்.

வீட்டுக்குள் ஈரம் வர நாலு வழி உண்டு. கூரையால் வந்தால் ஒழுக்கு. காற்றோடு மழை பக்கச் சுவரில் அடித்தால் தூவானம். குளிர்ந்த சுவரில் காற்றிலுள்ள நீராவி படிந்தால் சுவர் வேர்க்குது என்கிறோம். மூன்றுக்கும் ஊரில் பெயர் இருக்கிறது. அடியிலிருந்து ஏறுகிற ஈரத்துக்கு மட்டும் பெயர் இல்லை. ஏன்?

என் ஊகத்தைச் சொல்கிறேன். அப்பப்பாவுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. சுவர் குடித்தது, காய்ந்தது. வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு முன் வெள்ளை அடித்தார்கள், முடிந்தது. 1990களில் யாழ்ப்பாணத்துக்குச் சீமெந்து தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் எங்கள் சுவர் சுண்ணாம்புதான் தின்றது; ஒருநாளும் கொப்புளித்ததில்லை. தெற்கிலிருந்து வரும் வீதி திறந்து சீமெந்து மூட்டை தாராளமாக வந்த பிறகுதான் இந்த நோய் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்தது. நோய் புதிது, ஆகவே பெயரும் புதிதாய்த்தான் வேண்டும்.

இனி, இந்த இழையில் நீங்கள் எழுதிய சொற்கள்.

> மயிர்த்துளை ஏற்றம் என்பதே பாடநூல் வழக்கு. தமிழ்நாட்டில் நுண்புழை ஏற்றம். இரண்டில் ஒன்றை எடுக்கலாம்.

இரண்டும் நல்ல சொற்கள், ஆனால் அவை பௌதிகத்தின் சொற்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் மயிர்த்துளை ஏற்றம்தான். காரணத்தின் பெயரை நோய்க்கு வைக்க முடியாது. தவிர, “உங்கள் சுவரில் மயிர்த்துளை ஏற்றம்” என்று மேசனிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

> ஓதம்: பழைய சொல், அழகான சொல், ஈரம் என்ற பொருள் அகராதியிலேயே உண்டு.

உண்டு. கடல் அலைக்கும் அதே சொல். ஆனால் எங்கள் பக்கத்தில் ஓதம் என்றால் ஆண்களுக்கு வருகிற ஒரு வீக்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். “ஐயா வீட்டில் ஓதமாம்” என்று ஊருக்குள் கதை போனால் சுவரை யாரும் நினைக்கமாட்டார்கள்.

ஈரமிழுப்புக்கும் அதே சங்கடம்; இழுப்பு என்றால் மூச்சிழுப்பு. (ஈரச் சுவர் உள்ள அறையில் படுக்கிற பிள்ளைக்கு அந்த இழுப்பும் கூடத்தான் செய்யும், அது வேறு.) நிலவீரத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நிலவு ஈரமா, நில வீரமா? மேடைப் பேச்சுக்கு உதவும். ஏறீரம் இலக்கணப்படி பிழையில்லாத வினைத்தொகை. ஆனால் வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினேன், மருமகன், “மாமா, அது என்ன புது றம் சாராயமோ?” என்று கேட்டான். கைவிட்டேன்.

ஈர ஏற்றம் எல்லாருக்கும் விளங்கும். என் தயக்கம் ஒன்றுதான்: ஏற்றம் என்றால் உயர்வு, முன்னேற்றம் என்ற நல்ல பொருளும் வந்து ஒட்டும், கிணற்றடி ஆட்களுக்குத் தண்ணீர் இறைக்கிற ஏற்றமும் நினைவுக்கு வரும்.

நான் முன்வைப்பது: அடியீரம்.

அடி + ஈரம், யகர உடம்படுமெய். மேசன் சொன்ன “அடியிலையிருந்து” என்பதிலிருந்து எடுத்தது. ஒழுக்கு, தூவானம், வேர்வை, அடியீரம் என்று நாலையும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். நாலாவது அந்நியமாக ஒலிக்கவில்லை. சொல்லே எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டிவிடுகிறது. “சுவரில் அடியீரம்” என்று கேட்ட ஒப்பந்தகாரர் ஏணியைத் தேடமாட்டார் என்று நம்புகிறேன்.

உப்பு வெள்ளையாகப் பூப்பதற்குப் புதுச்சொல் ஒன்றும் வேண்டாம். உப்புப் பூத்தல் இருக்கிறது, அதை மாற்றினால் எனக்குக் கோபம் வரும்.

அன்புடன்,
அராலியிலிருந்து

——

மறு: மறு: ‘றைசிங் டாம்ப்’

யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். ஓதத்தை இவ்வளவு சீக்கிரம் கீழே இறக்கிவிட்டீர்களே! எங்கள் பக்கம் “சுவர் ஓதம் அடிச்சிருக்கு” என்று கொத்தனார் முதல் வீட்டுக்காரம்மா வரை சொல்வார்கள். யாரும் சிரிப்பதில்லை. வழக்கிலிருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்வது சரியா?

இன்னொன்று. அடியீரம் என்றால் தரை நசநசவென்று இருப்பதையும் குறிக்குமே? ஏறுகிறது என்பதுதானே இங்கே முக்கியம்? அந்த வினை உங்கள் சொல்லில் இல்லை.

அப்புறம், சுவர் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லாமலே கடிதத்தை முடித்துவிட்டீர்கள்.

——

மறு: மறு: மறு: ‘றைசிங் டாம்ப்’

அன்பின் தம்பி,

ஓதம் மதுரையில் வாழ்கிற சொல் என்றால் அது அங்கே வாழட்டும். அதை அடிப்பதற்கு நான் யார். ஆனால் ஒன்று கேட்கிறேன்: மாடி ஒழுகிச் சுவர் நனைந்தாலும் உங்கள் பக்கம் ஓதம்தானே? அப்படியானால் அது எங்கள் ‘ஈரம்’ மாதிரிப் பொதுச்சொல். எனக்கு வேண்டியது வழியைக் காட்டுகிற சொல். உங்கள் பக்கத்துக்கு ‘அடியோதம்’ என்று வைத்துப் பாருங்களேன். அகராதியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். சீமெந்தும் சிமெண்டும் இருக்கவில்லையா.

வினை இல்லை என்பது நியாயமான குறை. யோசித்தேன். பெயரில் வினை இல்லாவிட்டாலும் வசனத்தில் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது: “அடியீரம் மூன்றடி ஏறியிருக்கு.” ஏறீரம் என்று வைத்தால் “ஏறீரம் ஏறியிருக்கு” என்று இரண்டு தரம் ஏறவேண்டி வரும். நசநசக்கிற தரையும் இதே நிலத்துத் தண்ணீரின் வேலைதான், மருந்தும் ஏறக்குறைய ஒன்று. அந்தக் குழப்பத்தால் யாருக்கும் காசு நட்டம் வராது.

மானிப்பாயில் இருந்து 19ஆம் நூற்றாண்டில் தமிழில் மருத்துவம் கற்பித்த டொக்டர் கிறீன் கெமிஸ்திரியைக் ‘கெமிஸ்தம்’ என்றார். அது நிற்கவில்லை. எங்கள் பள்ளிகளில் இரசாயனவியல், உங்களிடம் வேதியியல். அடியீரத்துக்கும் அந்தக் கதி வரலாம், நான் அழமாட்டேன்.

சுவரைக் கேட்டீர்கள். சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்க வெறுஞ்சுவராக விட்டோம். சுவரோரமாக இரண்டடி அகலத்துக்குக் கொங்கிறீற்றை உடைத்து, மண்ணைத் தாழ்த்திச் சரளைக் கல் போட்டோம். தாழ்வாரத்துக்குப் பீலி வைத்து, மழைத் தண்ணீரைக் கிணற்றடிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டோம். பிறகுதான் சுண்ணாம்புச் சாந்து, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. சீமெந்து செய்வதால் மட்டும் உலகத்துக் காபனீரொட்சைட்டு உமிழ்வில் ஏறத்தாழ 8 வீதம் வருகிறதாம். சுண்ணாம்பைச் சுடும்போதும் அந்த வாயு போகத்தான் செய்கிறது, ஆனால் பூசி இறுகும்போது ஒரு பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். நான் சுண்ணாம்புக்குப் போனது அதற்காக என்று பெருமை அடிக்கமாட்டேன். மூன்றாம் தரமும் காசு கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போதும் தை மாதத்தில் ஒரு சாண் உயரத்தில் உப்புப் பூக்கும். தும்புக் கட்டையால் தட்டி அள்ளிக் கொட்டுகிறோம். தண்ணீர் விட்டுக் கழுவுவதில்லை. கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

கையேட்டில் ஒரு சோதனையும் எழுதியிருக்கிறேன். கொப்புளித்த இடத்தில் ஒரு கை அகலப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப்பக்கம் நனைந்திருந்தால் வேர்வை. சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளே இருக்கிறது. கீழே கூடவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருந்தால் பெரும்பாலும் அடியீரம்.

அடுத்த சொல்லுக்குப் போகலாமா? புது வீட்டு அத்திவாரத்துக்கு மேல், நிலத்திலிருந்து அரையடியாவது உயர்த்தி, சுவர் தொடங்குமுன் தார் பூசியோ தடித்த பொலித்தீன் விரித்தோ ஒரு படை போடுகிறார்கள், அடியீரம் ஏறாமல் மறிக்க. மேசன்மார் அதை ‘டீபீசி’ என்கிறார்கள். நான் ‘ஈரமறி படை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘மறி’ ஆடாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.