குரூப்பை மியூட் செய்தும் எக்கோ மட்டும் கேட்கிறது, ஏன்?

கேள்வி:
பெரிங்கர் எக்ஸ்32 டிஜிட்டல் மிக்ஸர் புதிதாகக் கைக்கு வந்திருக்கிறது. நேற்றுக் கச்சேரியில் பாடகர்கள் நால்வரையும் ஒரு சப்குரூப்பில் போட்டிருந்தேன். தலைவர் பேச வந்ததும் அதை மியூட் செய்தேன், ஆனால் பின்னால் யாரோ இருமியது ரிவர்பில் (எக்கோ எஃபெக்டில்) மிதந்து வந்து சபையே திரும்பிப் பார்த்தது. டிசிஏ, மியூட் குரூப், சப்குரூப் எல்லாம் ஒன்றுதானே?

பதில் 1:
இல்லைங்க. சப்குரூப்பில் நிஜமாகவே சத்தம் கலந்து ஒரு பஸ் (பல சேனல்கள் சேரும் பொதுப் பாதை) வழியாகப் போகிறது, அதனால் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை நால்வருக்கும் சேர்த்து ஒன்றே போடலாம். ஆனால் ரிவர்புக்கு ஒவ்வொரு சேனலிலிருந்தும் தனியாக சென்ட் (சத்தத்தின் ஒரு கிளை) போகிறதே, பஸ்ஸை அடைத்தால் அது எப்படி நிற்கும்? டிசிஏவில் சத்தம் எதுவும் ஓடுவதில்லை, அது ஃபேடர்களுக்கு (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகைப்பிடிகளுக்கு) ஒரு ரிமோட் மாதிரி. இறக்கினால் போஸ்ட் ஃபேடர் (ஃபேடருக்குப் பின் பிரியும்) சென்டும் கூடவே இறங்கும். மேடை மானிட்டர் ப்ரீ ஃபேடரில் (ஃபேடருக்கு முன்பே பிரிவதாக) இருந்தால் அசையாது.

பதில் 2:
பேச்சு நேரத்துக்கு மியூட் குரூப்தான் சரி, பல சேனல்களை ஒரே பட்டனில் அடைத்துவிடலாம். எக்ஸ்32ல் 6 மியூட் குரூப், 8 டிசிஏ இருக்கின்றன. ஒரு மியூட் குரூப்பில் பாடகர், டிரம்ஸ் மைக் எல்லாவற்றையும் போடுங்கள், ரிவர்ப் ரிட்டர்னையும் (எக்கோ மிக்ஸருக்குத் திரும்பி வரும் சேனலையும்) மறக்காமல். பேச்சாளர் மைக்கை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நான் ஒருமுறை சேர்த்து வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

கேட்டவர்:
சென்டை யோசிக்கவே இல்லை. நன்றி அண்ணா, நாளைக்கே மாற்றிப் பார்க்கிறேன்.