பால் கவர், பார்சல் டப்பா, மாத்திரை அட்டை: எது எந்தக் கூடையில்?

மாடிவீடு:
தரம் பிரிக்காத குப்பையை இனி வாங்க மாட்டோம் என்று எங்கள் தெருவில் சொல்லிவிட்டார்கள். பச்சைக் கூடை, நீலக் கூடை இரண்டும் வாங்கியாச்சு. காய்கறித் தோல், மீந்த சோறு பச்சையில் போகும், அதில் குழப்பமில்லை. பால் கவர், ஓட்டல் டப்பா, சிப்ஸ் பாக்கெட், ஜூஸ் அட்டைப்பெட்டி, மாத்திரை அட்டை இதெல்லாம்? எதைக் கழுவணும்? லாரித் தண்ணீர்தான், வீணாக்க முடியாது. நாப்கினை எதில் கொடுப்பது?

உலர்கழிவு:
நீலக் கூடைக்கு முதல் விதி, ஈரம் கூடாது. டப்பாவில் ஒட்டியிருக்கும் குழம்பு பக்கத்திலுள்ள காகிதத்தில் ஊறினால் அந்தக் கட்டே போச்சு. காகித ஆலையில் கூழாக்கும்போது எண்ணெய் நாரோடு ஒட்டிக்கொண்டு பிரியாது. அதனால் பேப்பர், அட்டையைத் தனிப் பையில் வையுங்கள்.

பால் கவர்: மூலையைத் துண்டாக வெட்டி எறியாதீர்கள். அந்தச் சின்னத் துண்டு பிரிக்கும் இடத்தில் யார் கைக்கும் சிக்காது. பாதி வெட்டி, தொங்கவிட்டு ஊற்றுங்கள். அரை டம்ளர் அரிசி கழுவின தண்ணீர் விட்டு அலசி, அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைக் கவிழ்த்துக் கொடியில் கிளிப் போடுங்கள். காய்ந்த பால் கவரைப் பழைய பேப்பர் கடையிலேயே எடைக்கு எடுப்பார்கள்.

ஓட்டல் டப்பா: அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன் என்ற வகை பிளாஸ்டிக். வாழையிலைத் துண்டால் வழித்து இலையைப் பச்சையில் போடுங்கள், பிறகு பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் ஒரு அலசல் போதும். கறுப்பு டப்பாதான் சிக்கல். அதிலுள்ள கார்பன் கறுப்பு அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடும், பிரிக்கும் இயந்திரத்துக்கு அது என்ன பிளாஸ்டிக் என்றே தெரியாது. முடிந்தால் ஓட்டலுக்கு வீட்டுத் தூக்கைக் கொண்டுபோங்கள்.

சிப்ஸ் பாக்கெட் பல அடுக்குப் படலம். உருக்கிப் புதுப் பொருளாக்குவது கடினம், பெரும்பாலும் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகும். ஆனாலும் தூளை உதறிவிட்டு நீலத்திலேயே போடுங்கள். ஜூஸ் பெட்டியில் முக்கால் பங்கு அட்டை, மீதி பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கும் அலுமினியமும். ஸ்ட்ராவை எடுத்துவிட்டு, அலசித் தட்டையாக்கிக் கொடுங்கள். மாத்திரை அட்டை காலியாக இருந்தால் நீலம். காலாவதியான மாத்திரையை மட்டும் தனியாக வையுங்கள். எதையும் வாசலில் கொளுத்த வேண்டாம். மாத்திரை அட்டையில் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக் இருக்கும், எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் போன்ற நச்சுகள் வரும்.

கடை பில் வழவழப்பாக இருந்தால் அது வேதிப்பூச்சுள்ள தெர்மல் காகிதம். பேப்பர் கட்டில் சேர்க்காதீர்கள்.

மூணாவதுகூடை:
இரண்டு கூடை போதாது, மூன்றாவது ஒன்றும் வேண்டும். பல்பு, பேட்டரி, காலாவதி மருந்து போன்ற வீட்டு அபாயக் கழிவைத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். நாப்கின், டயப்பரைச் செய்தித்தாளில் இறுகச் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் பெரிய புள்ளி வைத்துத் தனியாகக் கொடுங்கள். பிரிப்பவர் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்காது. உடைந்த கண்ணாடியைத் தடித்த அட்டையில் சுற்றி "கண்ணாடி" என்று எழுதுங்கள். குப்பை பிரிப்பவர்கள் பலருக்குக் கையுறை கூட இல்லை.

டியூப்லைட்டிலும் சிஎஃப்எல் பல்பிலும் பாதரசம் இருக்கும், உடைக்காமல் கொடுங்கள். பழைய போன் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். லிதியம் பேட்டரி வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

தொட்டிமண்:
பச்சைக் கூடைக்குள் பிளாஸ்டிக் கவர் விரிக்க வேண்டாம், செய்தித்தாள் போதும். ரசம், சாம்பாரை வடித்துவிட்டுச் சக்கையை மட்டும் போடுங்கள். தேங்காய் ஓடு மக்க ரொம்ப நாளாகும், அதைத் தனியாகக் கொடுங்கள்.

மாடியில் இடமிருந்தால் உரமே போடலாம். ஒரு பங்கு சமையல் கழிவுக்கு ஒரு பங்கு காய்ந்த இலை அல்லது தென்னை நார்த்தூள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினாலோ, அமோனியா நெடி அடித்தாலோ நார்த்தூளைக் கூட்டிக் கிளறிவிடுங்கள்.

மாடிவீடு:
ரொம்ப நன்றிங்க. பார்சலில் வரும் வெள்ளி நிறக் கவர் அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

உலர்கழிவு:
கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே இருந்தால் அலுமினியம், துடைத்து உருண்டையாக்கி நீலத்தில் போடுங்கள். மறுபடி விரிந்தால் சிப்ஸ் பாக்கெட் வகை.