நாற்பதுக்கு மேல லாரிக்கு வந்தவங்க: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் எழுதுங்க

பத்துச்சக்கரம்:
தருமபுரி-சேலம் ரோட்டுல இருக்கிற தொப்பூர்க் கணவாயப் பத்திப் புதுசா சொல்ல ஒண்ணுமில்லீங்க. பாளையம் டோல் தாண்டுனா இறக்கம். 12 சக்கர வண்டி, பெல்லாரில ஏத்துன கம்பி லோடு. ஓட்டுனவர் பள்ளிபாளையத்துல தறிய எடைக்குப் போட்டுட்டு 44 வயசுல ஸ்டியரிங்குக்கு வந்தவர், ஹெவி லைசென்ஸ் எடுத்து ஏழே மாசம். அஞ்சாவது கியர்ல விட்டு, இன்ஜின் புகைய அடைச்சு வேகத்தக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்சத் தொடாம, கால்லயே மிதிச்சு மிதிச்சு இறக்கியிருக்கார். காத்துல வேலை செய்யுற பிரேக், ஒவ்வொரு மிதிக்கும் டேங்க்ல காத்து செலவு. கம்ப்ரஸர் நிரப்புறத விட வேகமா மிதிச்சா ஏர் மீட்டர் முள்ளு 8ல இருந்து 6, அப்புறம் 5னு இறங்கும், பஸ்ஸர் கத்தும். அதுக்கும் கீழ போனா பின்னாடி ஸ்பிரிங் பிரேக் தானா பிடிக்கும். பிடிச்சா வண்டி நின்னுடும்னு நம்பக் கூடாது, வெந்துபோன பிரேக் ட்ரம்ல அதுவும் வழுக்கும்.

இரட்டைப் பாலத்துக்கு முன்னாடியே எப்படியோ ஓரங்கட்டியாச்சு. இடது பின் ட்ரம்ல புகை. மனுசன் இறங்குன வேகத்துல தண்ணி கேனத் தூக்கிட்டு ஓடுறார், ஊத்தி அணைக்க! கேன் சாய்ஞ்சு முதல் சொட்டு விழற நேரத்துல ஒரு கை குறுக்க வந்து பிடிச்சுது. சூட்டுல இருக்கிற வார்ப்பிரும்பு, பச்சத் தண்ணி பட்டா விரிசல் விடும். ஹேண்ட் பிரேக்கும் போடக் கூடாது. ட்ரம் ஆறிச் சுருங்கும்போது உள்ள இருக்கிற பிரேக் ஷூவ இறுக்கிக் கவ்விக்கும். சக்கரத்துக்குக் கட்டை வெச்சுட்டு, தானா ஆறுற வரைக்கும் உக்காந்திருக்கணும், அவ்வளவுதான். அந்தக் கேன் சாய்ஞ்ச காட்சி இன்னும் போகல.

மைலேஜ்_மன்னன்:
நல்ல வேளை, கியர்லயாவது வந்தார். ஆனா புதுசா வர்றவங்களக் குத்தம் சொல்லிப் பிரயோசனமில்ல. மைலேஜ் வரலேன்னா பேட்டால பிடிக்கிற ஓனர்கிட்ட வேலை பார்த்தா, இறக்கத்துல நியூட்ரல் போடச் சொல்லிப் பழைய டிரைவர்களே கத்துக் குடுக்கிறாங்க. டீசல் மிச்சமாகுறது உண்மைதானே? அதத் தெரிஞ்ச ஆளு அளவாப் பண்ணுவான்.

நாசில்:
மேலே எழுதியவருக்கு: உண்மை இல்லை. இந்தப் பொய்க்குத் தொப்பூரில் எத்தனை வண்டி போயிருக்கிறது என்று அந்த ஊர் மீட்பு வண்டிக்காரரைக் கேளுங்கள்.

கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் காமன் ரயில் வண்டியில் அந்த நேரத்தில் இன்ஜெக்டர் ஒரு சொட்டு டீசல்கூட விடாது. நியூட்ரல் போட்டால் இன்ஜின் தானே ஐட்லிங்கில் ஓட வேண்டும், அதற்கு மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் போகும். நியூட்ரலில்தான் செலவு! “பழைய பம்ப் வண்டிக்கு அது பொருந்தாது” என்று அடுத்து வருவீர்கள். அதிலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், பம்பின் ராக்கைப் பின்னுக்கு இழுத்து டீசலை நிறுத்திவிடும். சரி, மிச்சமே ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிட இறக்கத்தில் கால் லிட்டர். ஒரு செட் பிரேக் லைனிங் என்ன விலை?

நியூட்ரலில் இன்ஜின் பிடிப்பும் போச்சு, எக்ஸாஸ்ட் பிரேக்கும் போச்சு. வேகம் ஏறிய பிறகு மூன்றாவது கியர் போட நினைத்தாலும் பல் ஏறாது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், அதுவும் இறக்கம் தொடங்கும் முன்பே.

புக்கிங்_சீட்டு:
பிரேக்க விடுங்க, பேப்பர்லயும் ஆள் மாட்டுறாங்க. ஒருத்தர், 20 வருசம் கணக்கெழுதுன ஆளு, 47ல டிரைவர். சேலத்துல ஸ்டார்ச் மூட்டை ஏத்தி இந்தூர், பில்லுல 1,500 கி.மீ. சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டில எடுக்கிற ஈ-வே பில்லு 200 கி.மீ.க்கு ஒரு நாள் செல்லும், அப்போ 8 நாள். தாராளம்னு தோணும். ஆனா வண்டி நம்பரப் பார்ட் பி-ல போட்ட நேரத்துல இருந்தே நாள் ஓட ஆரம்பிச்சுடும். புக்கிங் ஆபீஸ்ல முன்கூட்டியே போட்டுட்டாங்க, லோடு கட்டி வண்டி நகர ரெண்டு நாள். வழியில கிளட்ச் பிளேட் போய் நாலு நாள்.

கணக்குல புலி. ஜிஎஸ்டி நம்பர், மூட்டை எண்ணிக்கை, மதிப்பு எல்லாம் ஏத்தும்போதே சரிபார்த்தவர், முடியுற தேதிய மட்டும் பாக்கல. நடுராத்திரி முடிஞ்சுது. நீட்டிக்க முன்ன 8 மணி நேரம், பின்ன 8 மணி நேரம்தான் வழி. அதாவது சாயங்காலம் 4ல இருந்து காலைல 8 வரைக்கும். அதுவும் டிரான்ஸ்போர்ட்காரங்க லாகின்லதான் ஆகும். மனுசன் தாபாவுல வண்டியப் போட்டு மூணு மணிக்குப் படுத்து, அதிகாரி வந்து கண்ணாடியத் தட்டுனப்போ மணி பத்தரை. அந்த பில்ல மொபைல்ல திருப்பித் திருப்பி விரல்ல பெருசாக்கிப் பார்த்தார், பெருசாக்குனா தேதி மாறிடுமாட்டம். அபராதம் வரியப் போல ரெண்டு மடங்கு.

வண்டி நின்னு சரக்க வேற லாரிக்கு மாத்துனா பார்ட் பி-ல புது நம்பர் ஏறணும். அது ஏறாம ஒரு சக்கரம்கூட நகரக் கூடாது.

வெள்ளெழுத்து:
நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். 48 வயதில் வந்த ஒருவர், இரவில் ஏர் மீட்டரைப் பார்க்க மூக்குக் கண்ணாடியை இறக்குவார், சாலையைப் பார்க்க நெற்றிக்கு ஏற்றுவார். எதிரே ஹை பீம் வந்த ஒரு நொடியில் கண்ணாடி மடியில் விழுந்து, தேட ஒரு கை கீழே போனது. வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டித் திரும்பி வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

இனி வருகிறவர்களுக்குச் சில வார்த்தை. கண் கடையில் படிக்கிற கண்ணாடி என்று கேட்டால் 40 செ.மீ. தூரத்துக்குக் கொடுப்பார்கள். டேஷ்போர்டு இருப்பது 70, 80 செ.மீ.யில். உட்காரும் இடத்திலிருந்து மீட்டர் வரை டேப்பால் அளந்து கொண்டுபோய்ச் சொல்லுங்கள், இரண்டு பவர் கண்ணாடியில் கீழ்ப்பாதியை அந்தத் தூரத்துக்குப் போட்டுத் தருவார்கள்.

லைசென்ஸுக்கு அவசரப்பட்டு புரோக்கரிடம் போகாதீர்கள். கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருந்தால்தான் ஹெவிக்கு எல்எல்ஆர். டிரைவிங் ஸ்கூல் தரும் ஃபார்ம் 5, டாக்டர் தரும் ஃபார்ம் 1ஏ இரண்டும் வேண்டும். எட்டாம் வகுப்புக் கட்டாயம் 2019லேயே போய்விட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கையில் ஹெவி வந்ததும் 12 சக்கரத்தில் ஏற வேண்டாம். ஆறு சக்கரத்தில், மொத்தம் 18.5 டன் வண்டியில், இரண்டாவது டிரைவராக ஆறு மாதம் போங்கள். 2018க்கு முன் அதே வண்டிக்கு 16.2 டன்தான் அனுமதி. கூடுதல் எடைக்கு 20,000 ரூபாயும் டன்னுக்கு 2,000மும் அபராதம், எடை மேடைச் சீட்டில்லாமல் கிளம்பாதீர்கள்.

தார்பாய் கட்டிக் கயிறு இறுக்கிய பிறகு 50 கி.மீ.யில் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், மூட்டை அதற்குள் அமுங்கியிருக்கும். டயரை ராடால் தட்டினால் ‘டங்’ என்றால் சரி, ‘பொத்’ என்றால் காற்று இல்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் லோடிங்கில் நிற்கும்போதே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள், ‘வண்டி எடுத்தப்புறம் பாத்துக்கலாம்’ என்பது நடக்காது. படி எவ்வளவு என்று கேட்கும் முன் இறக்குக் கூலி, பார்க்கிங், வழிச் செலவு யார் கணக்கு என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று சட்டம் சொல்கிறது. யாரும் அதைப் பார்த்து வண்டி ஓட்டுவதில்லை. ஓனரிடம் பேசும்போது தெரிந்திருந்தால் நல்லது. ஏசி கேபினும் 2025 அக்டோபரிலிருந்து செய்யும் வண்டிகளில்தான் கட்டாயம். பழைய வண்டி என்றால் மே மாதத்தை நினைத்துக்கொண்டு சம்மதியுங்கள்.

புல்லட்வண்டி:
எல்லாஞ் சரிங்கண்ணா, கம்பி லோடுக்குக் கயிறுன்னு எவனாவது போயிடப் போறான். கம்பிக்கும் காயிலுக்கும் சங்கிலி. கயிறு அறுந்துடும்.

நாமக்கல்ல கேஸ் டேங்கருக்கு ஆள் வேணும்னு சொன்னா உடனே ஏறிக்காதீங்க. அதுக்குத் தனியா மூணு நாள் பயிற்சி, லைசென்ஸ்ல தனிப் பதிவு. சூட்டுல விரியுறதுக்கு இடம் விட்டுத்தான் நிரப்புவாங்க, அந்தக் காலி இடத்துல திரவமா இருக்கிற கேஸ் ஆடும். ரவுண்டானால புதுசா வந்த ஒருத்தர் நல்லா மெதுவாத்தான் திரும்புனார், பாதி வளைவுல பிரேக்கத் தொட்டார். வண்டி நின்னதுக்கப்புறம் உள்ள இருக்கிறது முன்னால வந்து ஒரு தள்ளுத் தள்ளுச்சு பாருங்க, அவர் முகம் போன போக்கு! வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் குறைக்கணும், வளைவுக்குள்ள பிரேக் கூடாது.

பத்துச்சக்கரம்:
தொப்பூர் வண்டியப் பட்டறையில பிரிச்சது சொல்ல விட்டுப்போச்சு. புகைஞ்ச ட்ரம் உள்பக்கம் நீலம் பாய்ஞ்சிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். மத்த சக்கரங்களப் பார்த்தா ஷூவுக்கும் ட்ரம்முக்கும் நடுவுல இடைவெளியச் சரிபண்ற ஸ்லாக் அட்ஜஸ்டர் எட்டுல மூணு கிரீஸ் காணாம இறுகிக் கெடக்குது. மிதிச்சா புஷ் ராடு ரெண்டு அங்குலத்துக்கு மேல வெளிய வருது, ஷூ ட்ரம்ம ஒழுங்கா எட்டவே இல்ல. அந்த மூணும் செய்ய வேண்டிய வேலையும் சேர்ந்து மத்ததுங்க தலையில விழுந்திருக்கு. தறிக்காரரு கியர் தப்புல விட்டது வாஸ்தவம்தான், ஆனா தானா சரியாகுற ஆட்டோ ஸ்லாக்னு சொல்லி ரெண்டு வருசமா யாரும் அந்த நிப்பிள்ல கிரீஸ் கன் வைக்கல.