ஒரு சாண் தூரம்: 2025 சீசனில் உங்களை விடாமல் துரத்தும் புளூ ஜேய்ஸ் தருணம் எது?

கொக்குவில் மாமா

நவம்பர் 2, ஞாயிறு காலமை. பேஸ்போல் உலகத் தொடரில் எங்கள் ரொறன்ரோ புளூ ஜேய்ஸுக்கும் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸுக்கும் ஏழாவது, கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4, மூன்று பேஸிலும் எங்கள் ஓட்டக்காரர், ஒருவர் மட்டும் அவுட். ஒரு ஓட்டம் வந்தால் வெற்றி. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஸ்காபரோவில் தங்கச்சி தன் போனை ரீவிக்கு முன்னால் பிடிப்பாள், இங்கே விறாந்தையில் என் போனைச் செம்பில் சாய்த்து வைப்பேன். ஒக்டோபர் முழுக்க அப்படித்தான் பார்த்தோம்.

எங்கள் வார்ஷோ தரையோடு அடித்தார். டொட்ஜர்ஸின் ரோஹாஸ் தடுமாறி எடுத்து, ஓட்டம் முடிகிற ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். மூன்றாவது பேஸிலிருந்து எங்கள் கைனர்-ஃபலேஃபா சறுக்கி வர முன்னம், பந்தைப் பிடித்த ஸ்மித்தின் கால் பிளேட்டில். திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தும் அவுட்தான். மருமகனுக்கு ஒன்பது வயது. அவன் ரீவிக்குக் கிட்டப் போய், மூன்றாவது பேஸில் ஓட்டக்காரர் நின்ற இடத்தில் விரலை வைத்து, "மாமா, இவர் ஏன் இவ்வளவு கிட்ட நிண்டவர்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இரண்டு இன்னிங்ஸ் கழித்து எங்கள் கேர்க் அடித்த பந்து டபுள் பிளேயாகி, அதாவது ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்டாகி, எல்லாம் முடிந்தது; தோற்றோம். எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்பது அந்த விரல்.

சுன்னாகம் அக்கா

என்னுடையது எங்கள் துடுப்பாளர் ஸ்பிரிங்கர். 2024இல் அவருடைய துடுப்புச் சராசரி .220. அணியே 74 வெற்றியோடு தன் பிரிவில் கடைசி இடம். "இந்த மனுசனை இனி வைத்திருக்கக் கூடாது" என்று ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவோடு எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன். 2025இல் கனடா தினத்தன்று நியூ யோர்க் யாங்கீஸுக்கு எதிராக இரண்டு ஹோம் ரன் அடித்து ஏழு ஓட்டம் எடுத்துக் கொடுத்தார். அப்போதும் நான் முழுதாக மனம் மாறவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் காலமை, உலகத் தொடருக்கு முந்திய தொடரில் சியாட்டிலோடு ஏழாவது ஆட்டம். 3-1 என்று பின்னுக்கு நின்றோம். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவது இன்னிங்ஸ் தொடங்க, இனிச் சரிவராது என்று போனை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணாவிடமிருந்து ஒரு குரல் பதிவு. அதில் சொல் எதுவும் இல்லை. கூச்சல், கதிரை விழுகிற சத்தம், அப்புறம் அண்ணா அழுகிறார். ஸ்பிரிங்கர் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்து 4-3. மூன்று நாள் முன்னம்தான் முழங்காலில் பந்து பட்டு நொண்டிக்கொண்டு வெளியே போனவர். 1993க்குப் பிறகு முதல் தரம் உலகத் தொடருக்குப் போகிறோம், அந்த நேரம் நான் துருவலையில் குனிந்து இருந்தேன். அந்தப் பதிவை இன்னும் அழிக்கவில்லை.

நல்லூர் வாசகன்

கொக்குவில் அண்ணை, குறை நினைக்காதேங்கோ, ஆனால் அவர் கிட்ட நின்றதைப் பற்றியே எல்லாரும் கதைப்பது எனக்குத் தாங்கவில்லை. பேஸுக்குக் கிட்ட நிற்கச் சொன்னது தங்கள் பக்கத்து ஆட்கள்தான் என்று கைனர்-ஃபலேஃபாவே பிறகு சொன்னார். ஏன் சொன்னார்கள்? அதற்கு முதல் நாள் நடந்த ஆறாவது ஆட்டத்தைப் பாருங்கள். எங்கள் பார்ஜர் இரண்டாவது பேஸை விட்டுத் தள்ளி நின்றார், எங்கள் ஹிமெனெஸ் அடித்த பந்தை டொட்ஜர்ஸின் ஹெர்னாண்டஸ் ஓடி வந்து பிடித்து எறிந்தார், டபுள் பிளே, ஆட்டம் முடிந்தது. அந்தச் சூடு பட்ட பிறகு யார் துணிந்து தள்ளி நிற்கச் சொல்வார்கள்? சொன்னதைச் செய்த பிள்ளையைத் திட்டாதேங்கோ.

அதைவிட, ஒன்பதாவது இன்னிங்ஸில் எங்கள் துடுப்பாளர் பிஷெட்டை எடுத்துவிட்டு ஓடுவதற்குக் கைனர்-ஃபலேஃபாவை இறக்கியதைப் பற்றி ஏன் ஒருவரும் கேட்கவில்லை? பிஷெட் முழங்கால் காயத்தோடு வந்து, அதே ஏழாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் ஓட்டானியின் பந்தில் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தவர். பதினோராவது இன்னிங்ஸில் எங்கள் விளாடி (விளாடிமிர் கெரெரோ ஜூனியர்) இரண்டாவது பேஸில் நிற்க, அடுத்து துடுப்போடு வர வேண்டியவர் பிஷெட். வந்தவர் கைனர்-ஃபலேஃபா, மெல்லத் தட்டி விளாடியை மூன்றாவது பேஸுக்கு நகர்த்தினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. காலால் ஓட முடியாதவரை ஓட விட்டிருந்தால் அதுவும் பிழை என்பீர்கள், அதுவும் தெரியும்.

என் சொந்தத் தருணம் சின்னது. அதே ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 என்று முன்னுக்கு நின்றோம், வெல்ல இன்னும் இரண்டே அவுட். அப்பா சாமியறையில் விளக்கேற்றப் போனார். எங்கள் ஹொஃப்மன் வீசினார், ஒன்பதாவதாக ஆடும் ரோஹாஸ் அடித்த பந்து எல்லைக்கு வெளியே, 4-4. அப்பா எரிந்த தீக்குச்சியோடு திரும்பி வந்து வாசலில் நின்றார்.

பருத்தித்துறைப் பெடியன்

எங்கள் பந்துவீச்சாளர் எரிக் லோவர். ஒருவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சூரன் போருக்கு மறுநாள், அம்மாவின் பாரணை. காலமை ஐந்தரைக்குத் தொடங்கிய உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் மத்தியானம் பன்னிரண்டு தாண்டித்தான் முடிந்தது, 18 இன்னிங்ஸ், வழமையாக ஒன்பதுதான். ஆறு நாள் விரதம் இருந்த அம்மா பாரணை முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தா. பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடினவ, அதனால் பேஸ் ஓடுவது, பிடித்து அவுட்டாக்குவது எல்லாம் நான் சொல்லாமலே விளங்கும். பந்தை எறிகிறவர்கள் அநேகமாக எல்லாரும் முடிந்த பிறகு லோவர் வந்தார். 2024இல் கொரியாவில் ஆடிவிட்டு, புளூ ஜேய்ஸில் சிறிய ஒப்பந்தத்தில் சேர்ந்தவர். நான்கு இன்னிங்ஸுக்கு மேல், அதுவும் டொட்ஜர்ஸுக்கு, ஓட்டமே கொடுக்கவில்லை. ஒவ்வொரு இன்னிங்ஸும் முடிய அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைப்பார். "அந்தப் பிள்ளைக்கு யாரும் தண்ணி குடுக்கேல்லையோ" என்று அம்மா கேட்டா.

லோவர் போன பிறகு, கடைசியில் டொட்ஜர்ஸின் ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்து 6-5, தோற்றோம். அம்மா எழும்பிப் போய் சோறு போட்டா. ஒன்றும் கதைக்கவில்லை.

மானிப்பாய் சேர்

விளாடி 14 வருடத்துக்கு 500 மில்லியன் டொலர் ஒப்பந்தம் போட்ட ஏப்ரலில் எனக்குப் பயமாக இருந்தது. ஒக்டோபரில் அந்தப் பயம் போய்விட்டது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளைகளோடு பார்க்கிறவர்களுக்குச் சில விசயம் சொல்ல வேண்டும். ஒரு கொப்பி வாங்கி, ஒவ்வொரு துடுப்பாளருக்கும் ஒரு கட்டம் போட்டு, என்ன நடந்தது என்று எழுதப் பழக்குங்கள். நேரே அடித்ததா, தரையோடு போனதா, யார் எடுத்து யாருக்கு எறிந்தது என்று. எழுதுகிற பிள்ளை கேள்வி கேட்கும், பதிலும் தானே தேடும். கோடைகால நேரத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், நவம்பரில் பத்தரை. ஆகவே இரவு ஒன்பது மணிக்கே படுக்க வையுங்கள். பள்ளிக்கூட நாளில் முழு ஆட்டமும் பார்க்க விடாதேங்கோ, பின்னேரம் சுருக்கம் பார்த்தால் போதும். சுன்னாகம் பிள்ளை, ஆட்டம் முடியும் மட்டும் போனை நிறுத்தாதேங்கோ. ஒரு அணியின் 27 அவுட்டையும் எடுக்கும் வரைக்கும் நேரம் என்று ஒன்று அந்த விளையாட்டில் இல்லை. கிரிக்கெட் மாதிரி பந்து எண்ணி முடிக்க ஏலாது.

கொக்குவில் மாமா

நல்லூர்த் தம்பி, நான் அவரைத் திட்டவில்லை. நீங்கள் எழுதியதை நேற்று மருமகனுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு ஹோலில் ஒரு செருப்பை மூன்றாவது பேஸாக வைத்து, அதற்குப் பக்கத்தில் போய் நின்று, "கிட்ட நில் எண்டு சொன்னா நானும் கிட்டத்தான் நிப்பன், மாமா" என்றான்.